மாமி கேட்ட ரூம்

அந்த வீட்டுக்கு நாங்க முதல்ல போனது ஒரு சித்திரை மாசத்து மத்தியானம். ஸ்ரீரங்கத்துல, அம்மா மண்டபம் ரோட்டுல இருந்து உள்ள திரும்புற குறுக்குத் தெரு. கணேஷ் பைக்கை ஓரங்கட்டிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழட்டாம கேட்டுக்கு வெளிய நின்னு வீட்டைப் பார்த்துக்கிட்டிருந்தான். பார்த்துக்கிட்டிருந்தான்னா, மனசுக்குள்ள இடிச்சுக்கிட்டிருந்தான். அவன்கூட இத்தனை வருஷம் குப்பை கொட்டுனவளுக்கு அது தெரியாதா?

நான் ரேஷ்மா. கணேஷ்குமார் என் புருஷன். ரெண்டு பேரும் ஒரே காலேஜ்ல ஆர்க்கிடெக்சர் படிச்சோம், காதலிச்சோம், சாலை ரோட்டுல ஒரு மாடியைப் பிடிச்சு ஆபீஸ் போட்டோம். நல்லா வரைவான். எனக்குப் பொறாமையா இருக்கும். பென்சிலைத் தொடுறதுக்கு முன்னாடி வீட்டுக்காரங்களை எதிர்ல உட்கார வச்சுக் கேட்பான். காலையில எந்திரிச்சதும் எந்தப் பக்கம் பார்ப்பீங்க? காபி எங்க உட்கார்ந்து குடிப்பீங்க? யார் மேலயாவது கோவம் வந்தா எந்த ரூம்ல போய் கதவைச் சாத்திக்குவீங்க? அவன் கேக்குற விதத்துல, கட்டின பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லாததை எல்லாம் ஜனங்க அவன்கிட்ட சொல்லுவாங்க.

அதுக்கப்புறம்தான் கழுத்தறுப்பு ஆரம்பிக்கும். பூஜை ரூமை நகத்துங்க. மச்சினன் சொன்னாரு, படியைத் திருப்புங்க. வாஸ்துக்காரர் சொன்னாரு, கிச்சனைத் தூக்குங்க. வரைஞ்சதை அழி, அழிச்சதை வரை. முசிறியில ஒரு வாழைக்காய் வியாபாரிக்கு அவன் உயிரைக் கொடுத்து ஒரு வீடு வரைஞ்சான். நாங்க போய் பார்க்குறப்ப மேஸ்திரி அவன் போட்ட பெரிய ஜன்னலைச் செங்கல் வச்சு அடைச்சுட்டு, அங்க ஏசிக்கு ஓட்டை போட்டு வச்சிருந்தாரு. அன்னைக்கு பஸ்ல வரப்பவே சொல்லிட்டான்.

"இனிமே எனக்குக் கிளையன்ட்டே வேண்டாம் ரேஷ். நானே எடம் பிடிக்கிறேன், நானே கட்டுறேன், நானே விக்கிறேன். ஒருத்தனும் என்கிட்ட வந்து ஜன்னலை நகத்துன்னு சொல்லக் கூடாது."

ஆர்க்கிடெக்ட் கணேஷ்குமார் அப்படித்தான் புரமோட்டர் கணேஷ்குமார் ஆனான். எடமலைப்பட்டி புதூர்ல எங்களுக்குன்னு அவன் பார்த்துப் பார்த்துக் கட்டின வீட்டை வித்து இதுல போட்டான். வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன். பொண்டாட்டி வேண்டாம்னு சொல்லி எவன் நின்னிருக்கான்?

ஸ்ரீரங்கத்து வீடு ராமானுஜம் சார் பேர்ல இருந்துச்சு. ரிட்டயராகி சென்னையில மகன்கூட இருக்கிறவர், அன்னைக்கு இதுக்காக வந்திருந்தாரு. எடம் அவரோடது, கட்டுறது நாங்க. ரெண்டு ஃப்ளாட் அவருக்கு, மிச்சம் எங்களுக்குன்னு பேச்சு. ஹால்ல உட்கார்ந்து அவரும் கணேஷும் பேசிக்கிட்டிருக்க, நான் வீட்டைச் சுத்திப் பார்க்கக் கொல்லைப்புறம் போனேன். அங்க ஒரு சின்ன ரூம். கூரையை ஒட்டி ஒரு மூங்கில் கழி தொங்குச்சு. அதுல ஒரு ஒன்பது கெஜப் புடவை காஞ்சுக்கிட்டிருந்துச்சு.

"குனிஞ்சு வாம்மா, தொட்டுடாதே. மடி."

ராமானுஜம் சாரோட அக்கா, ரெங்கநாயகி மாமி. கல்யாணம் ஆன சுருக்கிலயே புருஷனைப் பறிகொடுத்துட்டுப் பொறந்த வீட்டுக்கு வந்தவங்க. அப்பா அம்மாவைக் கடைசிவரைக்கும் பார்த்து, தம்பியைப் படிக்க வச்சு, தளிகை பண்ணிப் போட்டே காலம் போயிடுச்சு. குளிச்சு, நனைச்சு, யாரும் தொடாத துணியைத்தான் உடுத்துவாங்க. யாராவது தெரியாம மேல பட்டுட்டா திரும்பப் போய் குளிச்சு, திரும்ப நனைச்சு, திரும்பக் காயப்போடணும். எந்தக் காலத்துல இருக்காங்கன்னு எனக்கு எரிச்சலாத்தான் வந்துச்சு. ஆனா சிரிச்ச முகம்.

கணேஷ் பின்னாடியே வந்தான். வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். பழக்க தோஷம்.

"மாமி, புதுசா கட்டுறப்ப உங்க ரூம் எப்படி இருக்கணும்?"

மாமி அவனையே பார்த்தாங்க. அப்புறம் தம்பி பின்னாடி நிக்கிறாரான்னு பார்த்தாங்க.

"என்னையா கேக்கறேள்?"

"உங்களைத்தான்."

மாமி நிமிர்ந்து அந்தக் கழியைப் பார்த்தாங்க. அப்புறம் மெதுவா ஆரம்பிச்சாங்க. படுத்துண்டிருக்கறச்சே ராஜகோபுரம் தெரியணும், எழுந்து போய் சேவிக்க முழங்கால் ஒத்துழைக்கலை. மடித்துணி காயற கொடி உசரமா இருக்கணும். முக்கியமா, அந்த ரூம் வழியா யாரும் இன்னொரு ரூமுக்குப் போகப்படாது. இந்த ஆத்துல எல்லாரும் என் குறுக்கேதான் போயிண்டு வந்துண்டு இருந்தா. அது போதும்.

கணேஷ் அங்கயே ஒரு தாளை முழங்கால்ல வச்சு வரைஞ்சான். ஜன்னல் இங்க, கொடி இங்க, கதவு இங்க. மாமி தாளைத் தொடாம, எட்டி நின்னு, அவ்வளவு ஆசையா பார்த்தாங்க. ராமானுஜம் சார் வாசப்படியில நின்னு தொண்டையைக் கனைச்சாரு.

வெளிய வந்ததும் அவரு சொன்னாரு, "அக்காவுக்கு என்ன சார், எங்கேயாவது ஒரு மூலைல இருந்துப்பா. நீங்க அதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்கோ."

கணேஷ் மனசுல வச்சுக்கலை.

வீட்டை இடிச்சோம். மாமியைக் கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல விட்டாரு தம்பி. "கட்டி முடியற வரைக்கும்"னு சொல்லித்தான் விட்டாரு. அங்க இருந்து மாமி கணேஷுக்கு போன் பண்ணுவாங்க. ரூம் வந்துடுத்தா? இங்க எல்லார் துணியையும் ஒண்ணா மெஷின்ல போட்டுத் தோய்ச்சுடறா. பரவால்லை, ரூம் வந்துடுத்துன்னா சரியாயிடும். இவன் ஒவ்வொரு தடவையும், "பூச்சு வேலை நடக்குது மாமி, காயணும்"னு சொல்லி வைப்பான்.

ரூமே கிடையாது. மாமிக்கு வரைஞ்ச ரூம் ரெண்டாவது மாடியில, எங்க பங்குக்கு வந்த வடக்குப் பக்கத்து ஃப்ளாட்ல வரணும். அந்த எடத்தைச் சேர்த்துதான் மாஸ்டர் பெட்ரூமைப் பெருசாக்கினான். பெட்ரூம் சின்னதா இருந்தா இப்ப எவனும் வாங்குறதில்லையாம். கோபுரம் பார்த்த ஜன்னலை எடுத்துட்டு அங்க கப்போர்டுக்கு எடம் விட்டான். முசிறி வியாபாரி பண்ணினதை இவன் பண்ணினான். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். "அவங்களுக்குப் பங்கே இல்ல ரேஷ், நான் என்ன பண்ண?"ன்னான். அதுக்கப்புறம் மாமி போனை அவன் எடுக்குறதையே விட்டுட்டான்.

கட்டடம் முடியுறதுக்குள்ள மாமி போய்ச் சேர்ந்துட்டாங்க. ராமானுஜம் சார் காரியமெல்லாம் முடிச்சுட்டுத்தான் எங்களுக்குச் சொன்னாரு. "ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டா. சிரமப்படலை"ன்னாரு. கணேஷ் ஒரு நிமிஷம் தலையைக் குனிஞ்சுட்டு, அப்புறம் டைல்ஸ்காரனுக்கு போன் போட்டான்.

மத்த ஃப்ளாட் எல்லாம் போயிடுச்சு. வடக்குப் பக்கத்து ரெண்டாவது மாடி மட்டும் நின்னுச்சு. வந்து பார்க்குறவங்க எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க, கீழ இறங்கினதும் போன் எடுக்க மாட்டாங்க. இருந்த வீட்டையும் வித்தாச்சு. விக்கிற வரைக்கும் நாமளே அங்க இருப்போம்னு குடி போனோம்.

உள்ள நுழைஞ்சதுமே எனக்கு அந்த வாசனை தெரிஞ்சுது. புது பெயிண்ட் வாசனைக்கு அடியில ஈரப் பருத்தித் துணி வாசனை. அதுக்கும் அடியில லேசா ஆத்துத் தண்ணி. காவிரியில அப்ப தண்ணியே கிடையாது, மணல்ல பசங்க கிரிக்கெட் ஆடிக்கிட்டிருந்தானுங்க.

அடுத்த நாள் மத்தியானம் பெட்ரூம் தரையில சொட்டு சொட்டா தண்ணி.

அக்கினி நட்சத்திரம். வெளிய தார் உருகுது. உள்ள வெள்ளை டைல்ஸ் மேல ஒரு சொட்டு, கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு, அதுக்குத் தள்ளி இன்னொண்ணு. கயிறு பிடிச்ச மாதிரி நேர் கோடு.

பில்டர் வீட்டுல சொட்டுனா பேய்ன்னா நினைப்பாங்க? லீக்கேஜ்னுதான் நினைப்பாங்க. கணேஷுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. மேல மொட்டை மாடி, வாட்டர்ப்ரூஃப் பண்ணின ஆரிஃப் பாயைக் கூப்பிட்டான். அவரு நல்ல வாயாடி. மொட்டை மாடிக்குப் போய்த் தட்டிப் பார்த்து, சீலிங்கைத் தடவிப் பார்த்து, என்னைப் பார்த்துச் சிரிச்சாரு.

"மேடம், அல்லா மேல சத்தியமா என் வேலையில தப்பு இல்ல. சீலிங் அப்பளமாட்டம் காஞ்சு கெடக்கு. ஏசி தண்ணியா இருக்கும், பாருங்க."

"ஏசியே இன்னும் மாட்டலை பாய்."

"அப்படியா?" சிரிப்பு போயிடுச்சு. இருந்தாலும் விடலை, ஏதோ ஒரு கெமிக்கலை மேல ஊத்தி, கேரண்டின்னு சொல்லிட்டுப் போனாரு. அவரு படி இறங்குற சத்தம் கேக்குறப்பவே எங்க கண்ணு முன்னாடி ஒரு சொட்டு விழுந்துச்சு.

சீலிங்ல இருந்து இல்ல. சீலிங்குக்குக் கீழ, ஒண்ணுமே இல்லாத எடத்துல இருந்து விழுந்துச்சு.

கணேஷ் உத்துப் பார்த்தான். அந்தக் கோடு வடக்குச் செவுத்துல ஆரம்பிச்சு ரூமுக்கு நடுவுல சட்டுனு நின்னுருந்துச்சு. நடுவுல ஏன் நிக்குதுன்னு எனக்குப் புரியலை. அவனுக்குப் புரிஞ்சிடுச்சு. நல்லா வரையறவனுக்கு தான் போட்ட கோடு மறக்குமா? அவன் மாமிக்குப் போட்டு, அப்புறம் எடுத்த செவுரு அந்த எடத்துலதான் வரணும். சொட்டுறது அவன் தாள்ல போட்ட கொடிக்கு நேர் கீழ.

"அது ஒண்ணும் இல்ல ரேஷ்"ன்னான். காலால சொட்டைத் துடைச்சான்.

பாத்ரூம் அந்தப் பெட்ரூமுக்கு அடுத்தாப்புல. அந்தக் கோட்டைத் தாண்டித்தான் போகணும். ஒரு நாள் துணி ஊறவைக்கலாம்னு வாளியைத் தூக்கிக்கிட்டுக் குறுக்கே நடந்தேன்.

நெத்தியில ஜில்லுன்னு ஏதோ பட்டுது.

துணி. நல்லா நனைஞ்ச, கனமான துணி. கண்ணு, மூக்கு, வாய் எல்லாத்து மேலயும் வழுக்கிக்கிட்டுப் போச்சு. கரை உதட்டுல உரசுறது தெரிஞ்சுது. வாளியைப் போட்டுட்டு மூஞ்சியைத் தொட்டுப் பார்த்தேன். மூஞ்சியெல்லாம் ஈரம்.

கண்ணுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

தலைக்கு மேல நாக்கால "ச்சு"ன்னு ஒரு சத்தம். கோவமே இல்ல அதுல. அலுப்பு. இத்தனை நேரம் பண்ணின வேலை வீணாப் போச்சேங்குற அலுப்பு.

கழியில இருந்து துணியை உருவுற சத்தம் கேட்டுது.

பாத்ரூம்ல குழாய் தானா திறந்துச்சு.

கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணி கொட்டுது, சொம்பு சொம்பா மேல ஊத்திக்கிற சத்தம் கேக்குது, துணியைக் கல்லுல அடிக்கிற சத்தம் கேக்குது. அந்த பாத்ரூம்ல ஏது கல்லு? அப்புறம் குழாய் நின்னுச்சு. ரூம்ல மறுபடியும் சொட்டு விழ ஆரம்பிச்சுது, இந்தத் தடவை கொஞ்சம் வேகமா.

செவுத்துல சாஞ்சு உட்கார்ந்து அழுதேன். பயத்துல மட்டும் இல்ல. குடி வந்ததுல இருந்து நாங்க அந்த ரூம்ல எத்தனை தடவை குறுக்கேயும் நெடுக்கேயும் நடந்திருப்போம்! ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா திரும்பக் குளிச்சு, திரும்ப நனைச்சு, திரும்பக் காயப்போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. செத்தும் ஒரு துணி காயலை அவங்களுக்கு.

கணேஷ்கிட்ட சொன்னேன். "சும்மா பயந்து சாகாத, எவனாவது வாங்கிட்டா போயிடலாம்"ன்னு எரிஞ்சு விழுந்தான். ஆனா அன்னையில இருந்து அவனும் பாத்ரூமுக்குச் செவுத்தை ஒட்டிக் குனிஞ்சுதான் போனான். ராமானுஜம் சாருக்கும் போன் பண்ணினேன். அவருகிட்ட எதைச் சொல்ல? அக்கா கடைசியில ஏதாவது கேட்டாங்களான்னு மட்டும் கேட்டேன்.

"அவளுக்கு என்னம்மா குறை? நன்னாத்தானே பாத்துண்டோம்"ன்னாரு. வச்சுட்டேன். வாயில நல்லதா வந்துச்சு.

அந்த வாரம் பீமராவ் சார் சம்சாரத்தோட ஃப்ளாட் பார்க்க வந்தாரு. ஃபாக்டரியில இருந்து ரிட்டயரானவர், கடைசிக் காலத்துல பெருமாள் பக்கத்துல இருக்கணும்னு ஆசை. அவரு ஹால், கிச்சன்னு பார்த்துத் தலையாட்டிக்கிட்டே வந்தாரு. கணேஷ் பேசுன பேச்சை நீங்க கேட்டிருக்கணும். காத்தோட்டம்ங்குறான், வெளிச்சம்ங்குறான். பெட்ரூம் வாசல்ல அந்தம்மா அப்படியே நின்னுட்டாங்க.

"உள்ள வாங்கம்மா"ன்னான் கணேஷ்.

"இல்லப்பா." அந்தம்மா குரலை இறக்கினாங்க. "அவங்க ஏதோ துணி காயப்போட்டுக்கிட்டிருக்காங்க. முடிச்சிடட்டும்."

பீமராவ் சார் உள்ள எட்டிப் பார்த்தாரு. காலி ரூம். சம்சாரம் முழங்கையைப் பிடிச்சாரு. ரெண்டு பேரும் செருப்பைச் சரியாக்கூட மாட்டாம இறங்கிப் போனாங்க.

கணேஷ் மூஞ்சில ஈயாடலை. அப்படியே தரையில உட்கார்ந்தான். நான் எதிர்ல உட்கார்ந்தேன்.

"கட்டிக் கொடு"ன்னேன்.

"யாருக்கு? கிளையன்ட் செத்துப் போயாச்சு ரேஷ்."

"அதைப் போய் அவங்ககிட்ட சொல்லு. இந்த ஃப்ளாட் நாசமாப் போகட்டும். வீடு போச்சு, போகட்டும். எனக்கு நீ வேணும்டா. சோறு இறங்காம, தூக்கம் இல்லாம, நீ எனக்கு இல்லாமப் போயிடுவ போல இருக்கு. அந்தம்மாவுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துடு, நாம கெளம்பிடலாம்."

அவன் என்னையே பார்த்தான். அப்புறம் ஒரு பென்சிலைத் தேடி எடுத்தான்.

ஆள் வச்சு மாஸ்டர் பெட்ரூம் நடுவுல செவுரு எழுப்பினோம். பாத்ரூமுக்கு வெளிய வழியா தனியா வாசல் போட்டோம். கப்போர்டை உடைச்சு ஜன்னல் வச்சோம். அந்த ஜன்னல்ல ராஜகோபுரம் வந்து நின்னப்ப, கொத்தனார்கூட வேலையை விட்டுட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டாரு. கழி மாட்டினது கணேஷ்தான், வேற யாரையும் தொட விடலை. மாட்டிட்டு வெளிய வந்து கதவைச் சாத்தினான்.

சொட்டுறது நின்னுச்சு. வாசனை போச்சு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அன்னைக்கு ரசம் வச்சு அப்பளம் பொரிச்சேன், அவன் ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அடுத்த நாள் சும்மா ஒரு தடவை பார்த்துட்டு வரேன்னு அந்த ரூமுக்குள்ள போனான். சாயங்காலம் வரைக்கும் வெளிய வரலை.

கதவுல காதை வச்சேன். கணேஷ் பேசிக்கிட்டிருந்தான். மெதுவா, மரியாதையா. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு!

"ஜன்னலை இன்னும் கொஞ்சம் இறக்கணுமா?"

சத்தமே இல்ல.

"சரி மாமி. இறக்கிடலாம்."

இறக்கினான். உடைச்சு, சட்டத்தை இறக்கி, பூசினான். அதுக்கடுத்து கழியை இந்தப் பக்கம் நகத்தினான். அப்புறம் அந்தப் பக்கமே நகத்தினான். கதவை மாத்தினான். திரும்ப ஜன்னலை ஏத்தினான். எந்தக் கிளையன்ட் தொல்லை தாங்காம இத்தனையும் பண்ணினானோ, அதைவிடப் பெரிய கிளையன்ட்கிட்ட போய் மாட்டிக்கிட்டான். இதுல கொடுமை, அவன் சந்தோஷமா இருந்தான். தலையெல்லாம் சிமெண்ட், கண்ணுல வெளிச்சம். காலேஜ்ல நான் ஆசைப்பட்ட மூஞ்சி அது. எனக்கு அவனை இப்படித் திரும்பக் கொடுக்கணுமா?

"போதும் கணேஷ், வா"ன்னு கதவைத் தட்டினேன்.

"இருடி, அவங்களுக்கு இன்னும் சரியா அமையலை."

"அவங்களுக்கு ரூம் வேண்டாம்டா! உனக்குப் புரியலையா? பொறந்ததுல இருந்து அந்தம்மாவை என்ன வேணும்னு கேட்ட ஒரே ஆள் நீதான். அவங்க உன்னை விட மாட்டாங்க."

உள்ள பென்சில் தாள்ல ஓடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

நான் சும்மா இருக்கலை. எடமலைப்பட்டி புதூர்லயே ஒரு வாடகை வீடு பார்த்தேன். அட்வான்ஸ் கொடுத்தேன். ஒரு காலையில குட்டி யானை வண்டியைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தி, சாமானை எல்லாம் ஏத்தினேன். கடைசியா அந்த ரூம் கதவுக்கு முன்னாடி நின்னு, கத்தலை, கெஞ்சினேன். "எனக்காக வாடா. ஒரு தடவை. நான் இதுக்கு மேல எதுவுமே கேக்க மாட்டேன்."

கதவு திறந்துச்சு.

வந்துட்டான். குளிச்சு, தலை சீவி, வெள்ளை வேட்டி கட்டி, தோள்ல பை மாட்டிக்கிட்டு. என்னைப் பார்த்துச் சிரிச்சான். "போலாம் ரேஷ்"ன்னான். எனக்கு முன்னாடியே மாடிப்படி இறங்கினான். நான் பின்னாடி இறங்குறேன், கால் தரையில பாவலை. பெருமாளே, பெருமாளேன்னு உள்ளுக்குள்ள கும்பிட்டுக்கிட்டே இறங்குறேன்.

கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்துட்டோம். நல்ல வெயில். எதிர் வீட்டுல யாரோ கோலம் போட்டு முடிச்சுட்டு எந்திரிக்கிறாங்க. வண்டிக்கார அண்ணன் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினாரு. கணேஷ் ஏறுறதுக்குக் காலைத் தூக்கினான்.

சந்தோஷம் தாங்க முடியலை எனக்கு. ஓடிப் போய் அவன் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்.

அவன் உதறலை. கோவப்படலை. நான் பிடிச்ச கையை ஒரு தடவை பார்த்தான். நாக்கால "ச்சு"ன்னான்.

"ஏன் ரேஷ் தொட்ட?" பாவம் போலக் கேட்டான். "இப்பத்தான் எல்லாம் முடிச்சேன்."

கையை மெதுவா விடுவிச்சுக்கிட்டான். பையைக் கீழ வச்சான். என்னை விட்டு ஒரு அடி தள்ளி, என் மேல வேட்டி நுனிகூடப் படாம ஒதுங்கி, கேட்டைத் திறந்துக்கிட்டு உள்ள போனான். நான் கூப்பிட்டேன். கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்துச்சு. அவன் திரும்பிப் பார்க்காம ஒவ்வொரு படியா ஏறினான்.

மேல குழாய் திறந்துச்சு.

ரோட்டுல நின்னுக்கிட்டே எல்லாத்தையும் கேட்டேன். சொம்பு சொம்பா தண்ணி ஊத்துற சத்தம். துணியை அடிக்கிற சத்தம். வண்டிக்கார அண்ணன் எஞ்சினை நிறுத்திட்டு, "என்னம்மா, சார் வரலையா?"ன்னாரு. நான் அவரைப் பேசாம இருங்கன்னு கையைக் காட்டினேன்.

மேல துணி பிழியிற சத்தம் கேட்டுது. ஒன்பது கெஜத்தை ஒருத்தர் நின்னு ஒட்டப் பிழிய முடியாது. ஆளுக்கு ஒரு நுனியைப் பிடிச்சு, எதிரும் புதிருமா முறுக்கணும். தண்ணி மொத்தமா வாளியில விழுந்துச்சு. அதுக்கு நடுவுல என் புருஷன் குரல், ரொம்ப மரியாதையா:

"அந்தப் பக்கம் கெட்டியாப் பிடிச்சுக்குங்க மாமி."